ஊற்று வேகம்: டயாலிசிஸின்போது இரத்தத்துக்குள் நீர் திரும்புவதை அளப்பது எப்படி?

“கால் வீக்கம் அப்படியேதான் இருக்கு சிஸ்டர், ஆனா தண்ணி எடுக்க எடுக்க பிரஷர் விழுந்துடுது.” டயாலிசிஸ் நடக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. உடம்பில் மூன்று லிட்டர் நீர் கூடுதலாக நிற்கிறது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. ஆனால் இரண்டாம் மணி நேரத்திலேயே கொட்டாவி, வியர்வை, கெண்டைக்கால் பிடிப்பு, கண் இருட்டல் எல்லாம் வந்துவிடுகின்றன. நீர் மிகுந்தவருக்கு நீர் வற்றியவரின் தொல்லை ஏன் வருகிறது?

மெஷின் காலில் நிற்கும் நீரைத் தொடுவதே இல்லை. அதன் கைக்கு எட்டுவது இரத்தம் மட்டும்தான். காலிலும் நுரையீரலிலும் தேங்கிய நீர் முதலில் இரத்தக் குழாய்க்குள் ஊறி வர வேண்டும். வந்த பிறகுதான் மெஷினில் உள்ள வடிகட்டியான டயாலைசர் அதை வெளியே எடுக்க முடியும். மருத்துவர்கள் இதைப் பிளாஸ்மா ரீஃபில் என்பார்கள். இந்தக் கட்டுரையில் ‘ஊற்று’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறோம், நடப்பது அதுதான் என்பதால்.

நீலகிரியில் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பள்ளத்துச் சதுப்பின் ஓரத்தில் குழி வெட்டி, மோட்டார் வைத்து நீர் இறைப்பார்கள். குழிக்குள் ஒரு நேரத்தில் நிற்பது கொஞ்ச நீர்தான். இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள ஈர மண்ணிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் வேகம் ஊற்றை மிஞ்சிவிட்டால், சுற்றிலும் சதுப்பு சொதசொதவென்று இருக்கும்போதே குழி வறண்டு, ஃபுட்வால்வ் காற்றை இழுக்கத் தொடங்கும். வீங்கிய காலோடு மயங்கி விழுபவரின் நிலையும் இதேதான். சதுப்பு என்பது திசுக்களில் தேங்கிய நீர், குழி என்பது இரத்தக் குழாய்.

குழி எவ்வளவு சிறியது?

60 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் ஏறக்குறைய 36 லிட்டர் நீர் இருக்கும். அதில் 24 லிட்டர் செல்களுக்குள். மீதி 12 லிட்டரில் பெரும்பகுதி, சுமார் 9 லிட்டர், செல்களுக்கு இடையில் உள்ளது. இரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மா வெறும் 3 லிட்டர்தான்.

நான்கு மணி நேரத்தில் 3 லிட்டர் எடுப்பது பல நோயாளிகளுக்கு வாடிக்கையான அளவு. அதாவது, ஒரே அமர்வில் பிளாஸ்மா முழுவதற்கும் சமமான நீரை மெஷின் எடுத்துவிடுகிறது. ஊற்று ஒன்று இல்லாவிட்டால் முதல் மணி நேரம் தாண்டுவதே பெரும்பாடு. நோயாளி எழுந்து நடந்து வீடு போகிறார் என்றால், எடுத்த நீரில் பெரும்பங்கை ஊற்று உடனுக்குடன் ஈடுகட்டியிருக்கிறது என்று பொருள்.

ஊற்றை எது இழுக்கிறது?

1896இல் பிரிட்டனைச் சேர்ந்த உடலியங்கியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இதன் அடிப்படையை எழுதிவைத்தார். நுண்குழாயின் சுவரில் இரண்டு விசைகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. இரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. பிளாஸ்மாவில் உள்ள புரதம், குறிப்பாக அல்புமின், நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. இந்தப் புரத இழுவை சாதாரணமாக 25 மி.மீ. பாதரசம் அளவில் இருக்கும். இவை தவிர, நிணநீர்க் குழாய்களும் திசுக்களிலிருந்து நீரையும் புரதத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து இரத்தத்தில் விடுகின்றன.

டயாலைசர் நீரை எடுக்கும், அல்புமினை விட்டுவிடும். எனவே எடுக்க எடுக்கப் பிளாஸ்மாவில் புரதச் செறிவு ஏறுகிறது, இழுவை கூடுகிறது. நுண்குழாயின் அழுத்தமும் சற்றுக் குறைகிறது. இரண்டும் சேர்ந்து ஊற்றைத் திறந்துவிடுகின்றன. அதனால்தான் அமர்வின் நடுப்பகுதியில் ஊற்று நன்றாகவே சுரக்கும். திசுக்களில் தேங்கிய நீர் தீரத் தொடங்கும்போது வேகம் இறங்கும்.

தொடக்கத்தில் கேட்ட புதிருக்கு இன்னொரு விடையும் இங்கே கிடைக்கிறது. அல்புமின் குறைந்தவருக்கு இழுவையே போதாது. சதுப்பு நிறைய நீர் இருந்தும் மண் விட்டுக்கொடுக்காத நிலை அது. இதயம் தளர்ந்தவருக்குச் சிரைகளில் அழுத்தம் கூடி நிற்பதால் நீர் உள்ளே திரும்புவது தாமதமாகும். கிருமித் தொற்று இருந்தால் குழாய்ச் சுவரே ஒழுகும். இவர்களின் கால் வீக்கத்தைப் பார்த்து “இன்னும் ஒரு லிட்டர் சேர்த்து எடுக்கலாம்” என்று முடிவு செய்வது ஆபத்து. வீக்கம் நீர் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். அது எவ்வளவு வேகத்தில் வரும் என்பதைச் சொல்லாது.

அளக்கும் வழி

ஊற்றை நேரடியாக அளக்க எந்தக் கருவியும் இல்லை. ஆனால் குழியின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மோட்டார் மணிக்கு எவ்வளவு இறைக்கிறது என்பது தெரியும். மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதும் தெரிந்தால், வித்தியாசம்தான் ஊற்று.

மெஷின் எடுக்கும் அளவு திரையிலேயே தெரிகிறது, அதுவும் மிகத் துல்லியமாக. இரத்தத்தின் மட்டத்தைக் கண்டுபிடிக்கச் சிவப்பணுக்கள் உதவுகின்றன. அவை டயாலைசர் வழியே வெளியேறுவதில்லை. நான்கு மணி நேரத்தில் புதிதாகக் குறிப்பிடும்படி சேர்வதுமில்லை. ஆகவே நீர் குறையும்போது அவற்றின் விகிதம், அதாவது ஹீமாட்டோகிரிட், ஏறும். சாம்பார் கொதித்து வற்ற வற்ற உப்பு தூக்கலாவதைப் போல. தொடக்க ஹீமாட்டோகிரிட்டை இப்போதைய ஹீமாட்டோகிரிட்டால் வகுத்தால், தொடக்க இரத்த அளவில் எத்தனை பங்கு மிச்சமிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உலர் எடை, அதாவது கூடுதல் நீர் இல்லாதபோது உள்ள எடை, 60 கிலோ உள்ளவர் 63 கிலோவாக வந்திருக்கிறார். நான்கு மணி நேரத்தில் 3 லிட்டர் எடுக்க வேண்டும், மணிக்கு 750 மி.லி. தொடக்க இரத்த அளவு 4.5 லிட்டர், ஹீமாட்டோகிரிட் 30 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மணி முடிவில் ஹீமாட்டோகிரிட் 31.25. முப்பதை இதனால் வகுத்தால் 0.96, இரத்தம் 4 சதவீதம், அதாவது 180 மி.லி. குறைந்திருக்கிறது. எடுத்தது 750. எனவே ஊறி வந்தது 570 மி.லி. இரண்டாம் மணி முடிவில் 32.3, மொத்தக் குறைவு 320 மி.லி., அந்த மணிக்குள் மட்டும் 140. ஊற்று 610. மூன்றாம் மணி முடிவில் 33.3, மொத்தக் குறைவு 446, அந்த மணியில் 126. ஊற்று 624. இதுவரை நன்றாகப் போகிறது. நான்காம் மணியில் ஹீமாட்டோகிரிட் சட்டென்று 36க்குத் தாவுகிறது. மொத்தக் குறைவு 750 மி.லி., அந்த ஒரு மணியில் மட்டும் 304. ஊற்று 446க்கு இறங்கிவிட்டது. மெஷின் மட்டும் அதே 750ஐ இழுத்துக்கொண்டிருக்கிறது. பிரஷர் விழும் இடம் இதுதான்.

மூன்று மணி நேரம் நல்லபடியாக ஓடியதை வைத்து நான்காவது மணியை நம்பக் கூடாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. இரத்த அழுத்தம் கடைசி வரை தாக்குப்பிடித்துவிட்டு ஒரேயடியாகச் சரியும், ஏனென்றால் குழாய்கள் சுருங்கியும் இதயம் வேகமாகத் துடித்தும் குறைவை மறைத்துக்கொண்டிருக்கும். கருவி திரையில் வரையும் இரத்த அளவின் கோடு அந்த மறைப்புக்குப் பின்னால் நடப்பதைக் காட்டுகிறது.

கருவிகள்

இன்று கிடைக்கும் கருவிகள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று ஒளியால் பார்ப்பது. ஆர்ட்டீரியல் லைனுக்கும் (உடம்பிலிருந்து இரத்தத்தை எடுத்து வரும் குழாய்) டயாலைசரின் நுழைவாய்க்கும் நடுவே ஒரு சிறிய தெளிவான அறையைப் பொருத்தி, அதன் மேல் கிளிப் போல ஒரு சென்சாரை மாட்டுவார்கள். இரத்தத்தின் ஊடே செல்லும் ஒளியின் அளவிலிருந்து ஹீமாட்டோகிரிட்டைக் கணக்கிடும். 800 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் ஆக்சிஜன் ஏறிய சிவப்பணுவும் ஏறாத சிவப்பணுவும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியை விழுங்கும் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கழுத்து கதீட்டரில் (கழுத்துச் சிரையில் போட்ட குழாய்) ஓடும் சிரை இரத்தத்தில் அது இன்னும் குறைவு. இருந்தாலும் இந்தக் கணக்கு அதனால் கெடாது.

இன்னொரு வகை, ஒலியால் பார்ப்பது. புரதமும் சிவப்பணுவும் செறிந்தால் இரத்தத்தில் ஒலி போகும் வேகம் மாறும். அதை மெஷினிலேயே உள்ள மீயொலி சென்சார் அளக்கும். இதற்குத் தனி அறை கொண்ட பிளட் லைன் வேண்டும். சாதாரண லைனைப் போட்டுவிட்டு “சென்சார் வேலை செய்யவில்லை” என்று சொல்வது வழக்கமாக நடக்கும் தவறு.

எந்த வகையானாலும் அளக்கும் இடம் டயாலைசருக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். டயாலைசரைத் தாண்டி வரும் இரத்தம் அப்போதுதான் நீர் இழந்து கெட்டியாகியிருக்கும். உடம்பில் ஓடும் இரத்தத்தின் நிலையை அது சொல்லாது.

சென்சார் இல்லாத இடத்தில் மாதிரி எடுத்துக் கையால் அளக்கலாமா? அளக்கலாம், ஆனால் வரம்பு தெரிந்திருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 10 உள்ளவருக்கு 0.3 அளவு கருவிப் பிழை வந்தால் அதுவே 3 சதவீதம். ஒரு மணி நேரத்து மாற்றம் முழுவதையும் பிழை விழுங்கிவிடும். மணிக்கு மணி பார்க்க இது உதவாது. தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட உதவும்.

கோட்டை எப்படிப் படிப்பது

கருவி காட்டும் கோடு மணிக்கு 3 சதவீதத்துக்குள் இறங்கினால் ஊற்று கிட்டத்தட்ட மோட்டாருக்கு ஈடாக வருகிறது என்று கொள்ளலாம். இன்னும் நீர் எடுக்க இடமிருக்கலாம். 3க்கும் 6.5க்கும் இடைப்பட்டால் பெரும்பாலும் வசதியான வேகம். 6.5ஐத் தாண்டினால் எச்சரிக்கை. மேலே போட்ட கணக்கில் நான்காம் மணியின் இறக்கம் 6.8 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். இந்த எண்கள் வழிகாட்டிகள் மட்டுமே. ஒருவர் 20 சதவீதம் குறைந்தும் பேசிக்கொண்டிருப்பார், இன்னொருவர் 8 சதவீதத்திலேயே சுருண்டுவிடுவார். அவரவருக்கான எல்லையை, பிரஷர் விழுந்த நாள்களின் குறிப்பிலிருந்துதான் கண்டுபிடிக்க முடியும். அந்தக் குறிப்பை எழுதிவைப்பதே பாதி வேலை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. கோடு காட்டுவது சதவீதம்தான், லிட்டர் அல்ல. 5.5 லிட்டரில் 10 சதவீதம் போனால் 4.95 மிஞ்சும், 4 லிட்டரில் போனால் 3.6தான். 60 கிலோ உடம்புக்கு முன்னது கிலோவுக்கு 82 மி.லி., பின்னது 60. கிலோவுக்கு 65 மி.லி.க்குக் கீழே போகும்போது பிரஷர் விழும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இரண்டு பேருக்கும் திரையில் தெரிவது அதே 10 சதவீதம்.

இதைத் தாண்ட ஓர் அழகான வழி இருக்கிறது. ஆன்லைன் முறையில் தூய டயாலிசேட்டை (டயாலைசரில் இரத்தத்துக்கு மறுபுறம் ஓடும் திரவம்) இரத்தத்துக்குள் விடக்கூடிய மெஷின்களில், நீர் எடுப்பதைச் சற்று நிறுத்தி, 200 மி.லி. திரவத்தை விரைவாக உள்ளே செலுத்துவார்கள். கோடு எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். 4 ஏறினால், 200ஐ 0.04ஆல் வகுத்து, தொடக்க இரத்த அளவு 5 லிட்டர் என்று சொல்லிவிடலாம். குழியில் ஒரு குடம் ஊற்றி மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதுதான் இது. ஏறின உச்சத்தை உடனே குறிக்க வேண்டும். தாமதித்தால் ஊற்றிய திரவம் திசுக்களுக்குள் கசிந்து கணக்கு பிழைக்கும்.

அளவு எங்கே கெடுகிறது?

முதல் தவறு, பூஜ்யப் புள்ளியை அவசரமாக வைப்பது. நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்தவரின் கால்களில் நீர் இறங்கி நிற்கும். படுத்ததும் அது இரத்தத்துக்குள் திரும்பி, ஹீமாட்டோகிரிட் சிறிது இறங்கும். நின்றபடியே பேருந்தில் வந்து, மேட்டில் ஏறி நடந்து வந்தவரை உடனே இணைத்தால், முதல் அரை மணி நேரம் கோடு இறங்காமல் மட்டமாகவே ஓடும். ஊற்று பிரமாதம் என்று எண்ணி நீர் எடுக்கும் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். பதினைந்து, இருபது நிமிடம் சாய்ந்து படுக்கவிட்ட பிறகு தொடங்குவது நல்லது. லைனில் நிரம்பியிருந்த சலைன் உள்ளே போய்க் கலந்து முடிவதற்கும் சில நிமிடங்கள் தர வேண்டும்.

நடுவில் கட்டிலைத் தூக்குவது, இறக்குவது, நோயாளி எழுந்து உட்காருவது எல்லாமே கோட்டை அசைக்கும். சலைன் விட்டால் கோடு ஏறும். அது ஊற்று அல்ல. அமர்வின்போது இரத்தம் ஏற்றினால் சிவப்பணுக்களின் எண்ணிக்கையே மாறிவிடுவதால் அன்றைய கணக்கை விட்டுவிட வேண்டியதுதான். சாப்பிட்டால் இரத்தம் வயிற்றுப் பக்கம் குவிந்து பிரஷர் இறங்கும்; பிரஷர் விழும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு இட்லியைக்கூட முடிந்த பிறகு சாப்பிடுவது நல்லது. குமிழி சிக்கிய அறை, ஃபிஸ்டுலாவில் (ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) சுத்திகரித்த இரத்தமே திரும்பச் சுற்றுவது ஆகியவையும் அளவைப் பொய்யாக்கும்.

மலையில் கூடுதலாக ஒன்று உண்டு: எடை. ஸ்வெட்டர், மப்ளர், குல்லாய், சால்வை, ஈரமான ஷூ எல்லாம் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவைத் தொடும். ஜூலை மழையில் இவ்வளவும் போட்டு எடை பார்த்து, உலர் எடை குறித்த நாளில் சட்டையோடு மட்டும் பார்த்திருந்தால், இல்லாத ஒன்றரை லிட்டரை மெஷினிடம் எடுக்கச் சொல்கிறோம். எவ்வளவு நல்ல சென்சாரும் இந்தத் தவறைத் தாமதமாகத்தான் காட்டிக்கொடுக்கும். வருடம் முழுவதும் ஒரே வகை உடையில், ஒரே தராசில் எடை பாருங்கள்.

குளிரில் கைகால் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதால் தொடக்க பிரஷர் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி வேகத்தைக் கூட்டினால், கம்பளிக்குள் உடம்பு சூடேறிக் குழாய்கள் விரியும்போது பிரஷர் கீழே வரும். டயாலிசேட்டை 36 டிகிரி அளவில் வைப்பது பிரஷரைத் தாங்கிப்பிடிக்கும் என்றாலும், ஊட்டிக் குளிரில் நடுக்கம் வந்துவிடும். அரை அரை டிகிரியாக மாற்றிப் பார்க்க வேண்டும். கம்பளி போர்த்துங்கள், ஆனால் ஊசி குத்திய கையை ஒருபோதும் மூடாதீர்கள். ஊசி நழுவினால் இரத்தம் கம்பளிக்குள் ஊறும், யாருக்கும் தெரியாது.

கோடு செங்குத்தாக இறங்கினால்

முதலில் மோட்டாரைக் குறைக்க வேண்டும். 750இல் ஓடுவதை 400க்கு இறக்கினால், மேலே பார்த்த 446 ஊற்றே அதைத் தாண்டிவிடும். கோடு நிற்கும், ஏறவும் செய்யும். சலைனை அடுத்தடுத்து ஏற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும். 200 மி.லி. சலைனில் 1.8 கிராம் உப்பு இருக்கிறது. அது அன்றிரவே தாகமாகத் திரும்பும்.

உண்மையான தீர்வு நேரம். கிலோவுக்கு மணிக்கு 13 மி.லி.க்கு மேல் எடுப்பவர்களிடம் இறப்பு கூடுவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நமது 60 கிலோக்காரருக்கு 3 லிட்டரை நான்கு மணியில் எடுத்தால் 12.5. ஐந்து மணியாக்கினால் 10. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான மருந்து எதுவுமில்லை. கூடலூரிலிருந்தோ கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்தோ வருபவருக்கு, கடைசிப் பேருந்தை நினைத்தால் ஒரு மணி நேரம் பெரிய விஷயம் என்பதும் உண்மை. அப்படியானால் வருகிற நீரைக் குறைக்க வேண்டும். 8 கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். குளிரில் வியர்வை குறைவு, அதனால் குடித்ததெல்லாம் உடம்பிலேயே நிற்கும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் ஆகியவற்றை விட்டாலே ஊற்றின் மேல் விழும் சுமை நன்றாகவே இறங்கும்.

உலர் எடை சரிதானா என்று பார்க்கவும் இதே கோடு உதவும். அமர்வின் கடைசிப் பத்து நிமிடம் நீர் எடுப்பதை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிவிட்டுப் பாருங்கள். ஹீமாட்டோகிரிட் அரைப் புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், திசுக்களிலிருந்து இன்னும் நீர் வந்துகொண்டிருக்கிறது. எடுக்க வேண்டியது பாக்கி. அசையாமல் நின்றால், ஊற்று அடங்கிவிட்டது. இந்த முடிவை மூன்று, நான்கு அமர்வுகளில் பார்த்த பிறகே மருத்துவர் உலர் எடையை மாற்றுவார். ஒரு நாள் கோட்டை வைத்து மாற்றக் கூடாது.

கருவி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நானூற்றுச் சொச்சம் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஆறு மாதம் கவனித்தார்கள். இரத்த அளவைக் கருவியால் கண்காணித்த பிரிவில்தான் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடுதலாக இருந்தன. கண்காணிக்காத பிரிவில் இறப்பு வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தது என்ற விளக்கமும் உண்டு. ஆனாலும் கோட்டை மட்டும் பார்த்து, படுத்திருக்கும் மனிதரின் முகத்தையும் நாடியையும் பார்க்காமல் விடுவது தவறு என்பதற்கு அந்த முடிவை நாங்கள் கணக்கில் எடுக்கிறோம்.

மெஷினைக் கழற்றியதும் ஊற்று நின்றுவிடுவதில்லை. மேலும் சில மணி நேரம் நீர் மெல்ல இரத்தத்துக்குள் வந்துகொண்டிருக்கும். அதனால் முடிந்த உடனே எடுத்த ஹீமோகுளோபின் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இரத்தசோகைக்கான ஊசி மருந்தின் அளவை முடிவு செய்ய, தொடங்குவதற்கு முன் எடுத்த மாதிரிதான் சரி. மெஷினைக் கழற்றிய பின் வரும் முதல் அரை மணிதான் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும் நேரமும். படுத்த நிலையில் ஒரு முறை, நின்று இரண்டு நிமிடம் கழித்து ஒரு முறை பிரஷர் பார்த்து, மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் மறுபடி உட்கார வைத்து, சரியான பிறகே அனுப்ப வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி வழியில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.